விதி பதினேழின்படி ஓர் உலகப்போர்

இரண்டாம் உலகப்போர் எங்கே தொடங்கியது என்று கேட்டால், போலந்து எல்லையில் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஏன் தொடங்கியது என்று கேட்டால், வெர்சாய் ஒப்பந்தம், பணவீக்கம், வேலையில்லாத் திண்டாட்டம், வல்லரசுகளின் பேராசை என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். பேராசிரியர்கள்மீது எங்கள் ஊருக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் உண்மையை எத்தனை நாள் அடக்கத்தால் மூடி வைப்பது? அந்தப் போர் ஜெர்மனியில் எங்கள் சிற்றூரான ஓபர்மூலில், 'பொன் ஆட்டுக்குட்டி' விடுதியின் பின்னறையில், 1933 ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை எட்டு மணிக்கு முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. கூட்டக் குறிப்பு இருக்கிறது. கையொப்பங்கள் இருக்கின்றன. சங்க முத்திரையும் இருக்கிறது: காதை விறைத்துக்கொண்டு ஒரு முயல்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை நடந்ததுதான் ஓபர்மூல் முயல் வளர்ப்போர் சங்கத்தின் கடைசிச் சாதாரணக் கூட்டம். அன்றைக்கு விவாதம் ஒன்றே ஒன்று. சங்கத் தலைவர், மருந்துக்கடை டாக்டர் ஃபேபரின் ஆண் முயலுக்குக் காது பதினெட்டரை சென்டிமீட்டரா, வெறும் பதினெட்டா? இரண்டு மணி நேரம் பேசினார்கள். அளந்தவர் மோரிட்ஸ் வைல். கடைத்தெருவில் நூல், பொத்தான் கடை வைத்திருந்தவர். சங்கத்தின் இனப்பதிவேடு அவர் பொறுப்பு.

"நல்லா இழுத்துப் பிடிங்க வைல், அரை சென்டிமீட்டர் வரும்" என்றார் டாக்டர்.

"இழுத்தா இருபதுகூட வரும் டாக்டர். உங்க காதைக் குடுங்க, அதையும் இருபதாக்கித் தர்றேன்."

பியர் குவளைகள் குலுங்கின. செயலாளர் வெண்டலின் ரூப், குறிப்பேட்டில் 'சிரிப்பு' என்று எழுதிக்கொண்டார். நடந்தது நடந்தபடி எழுதுவது அவர் வழக்கம். ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. பத்தொன்பது ஆண்டுகளாகச் சங்கக் குறிப்பேட்டை எழுதி வந்தவர். அதில் ஒரு பொய் வரி கிடையாது. தன் முயலே கண்காட்சியில் தோற்றபோது 'செயலாளரின் முயல் நொண்டி' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டவர். அப்படிப்பட்ட நேர்மையாளர்கள் இல்லாமல் சர்வாதிகாரம் ஓர் அங்குலம்கூட நகராது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

மறுநாள் மாவட்டச் சம்மேளனத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நாடு புத்துயிர் பெற்றுவிட்டதால் முயல் சங்கங்களும் புத்துயிர் பெற வேண்டும். ஒன்று: யூத உறுப்பினர்களை நீக்க வேண்டும். இரண்டு: ஓட்டெடுப்பு என்ற பழைய பழக்கத்தை விட்டொழித்து, சகல அதிகாரமும் கொண்ட ஒரே தலைவரை ஏற்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் செய்யாத சங்கம் கலைக்கப்படும். கோப்பைகளும் பதிவேடும் பறிமுதல்.

சங்கத்தில் யூதர் ஒருவரே ஒருவர்தான். ஆகவே 'யூத உறுப்பினர்கள்' என்ற பன்மை அளவுக்கு மீறிய மரியாதை என்று வெண்டலினுக்குத் தோன்றியது. அதற்கு மேல் எதையும் அவர் தோன்ற விடவில்லை. தானும் வைலும் பத்தொன்பது ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும், மனைவி இறந்த பிறகு வைலுக்கு வியாழக்கிழமை மாலையைத் தவிரப் போக ஓர் இடம் இல்லை என்பதும் சுற்றறிக்கையில் குறிப்பிடப்படவில்லை.

வியாழன் வந்தது. ஜூன் மாதம், எட்டு மணிக்கும் ஜன்னலில் வெயில். புதுத் தலைவராக வரவிருந்த லோதர் கிம்மல் புது பூட்ஸோடு நின்றார். கிம்மல் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்து எழுதுகிறவர். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு அடுப்பு எரிகிறது என்று தெரிந்தவர் ஆளவும் தெரிந்தவராகத்தானே இருப்பார்? அவரிடம் இருந்தது ஒரு முயல். அதுவும் போன வாரம் வாங்கியது.

வெண்டலின் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பத்தொம்பது பேர்தான் இருக்கோம்" என்றார்.

"அதனால என்ன?" என்றார் கிம்மல்.

"விதி பதினேழு. சட்டதிட்டத்தை மாத்தணும்னாலும் ஒரு உறுப்பினரை நீக்கணும்னாலும் மொத்தம் முப்பது பேர்ல இருபது பேர் நேர்ல இருக்கணும்."

"மத்தவங்க எங்கய்யா?"

"புல் அறுப்பு. நாலு பேருக்குக் காய்ச்சல்" என்றார் டாக்டர் ஃபேபர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் அவர்தான். அந்தக் காய்ச்சல் தனக்கும் வராமல் போனதில் அவருக்கு வருத்தம்.

"இருபதுன்னு எழுதிட்டுப் போய்யா. யாரு வந்து எண்ணப் போறா?" என்றார் கிம்மல்.

வெண்டலின் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "குறிப்பேட்டுல பொய் எழுதச் சொல்றீங்களா?"

எங்கள் ஊரில் ஒரு மனிதரை ஊரைவிட்டு ஒதுக்கலாம்; ஆனால் பொய்க் குறிப்பு எழுதி ஒதுக்குவது அநாகரிகம். அப்போதுதான் யாரோ ஒருவருக்கு அந்த யோசனை பிறந்தது. யாருக்கு என்று குறிப்பேட்டில் தெளிவாக இருக்கிறது: 'செயலாளர் முன்மொழிந்தார்.' உறுப்பினர் வைல் இன்னும் உறுப்பினர்தான். வீட்டில்தான் இருக்கிறார். காய்ச்சல் இல்லை. அவர் வந்தால் இருபது.

வெண்டலினே போனார். வைல் வீட்டுக்குப் பின்னால் கூண்டுகளின் முன் மண்டியிட்டு, ஒரு பெரிய சாம்பல் முயலுக்குக் கீரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செயலாளரே, முடிஞ்சுதா? நீக்கியாச்சா?"

"இல்லைங்க வைல் அய்யா. ஒரு ஆள் குறையுது."

வைல் கீரையைக் கீழே வைத்தார். "இருபதாவது ஆளா?"

"ஆமாங்க."

"அப்ப என்னை நீக்கறதுக்கு நான் வேணும்."

"விதி பதினேழு நீங்க எழுதினதுதானே."

"நல்ல விதி. ஒரு ராத்திரி பியர் போதையில யாரும் சங்கத்தைக் கவுத்துடக் கூடாதேன்னு எழுதினேன்." அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நான் வரலேன்னா?"

"சங்கத்தைக் கலைச்சிடுவாங்க. பதிவேடும் போயிடும்."

வைல் யோசித்தார். நாலாயிரம் முயல்களின் தாய், தந்தை, பாட்டன், முப்பாட்டன், எல்லாம் அவர் கையெழுத்தில். அவருக்குப் பிள்ளை இல்லை. "பதிவேடு போகக் கூடாது" என்று சொல்லி உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சங்கத்தின் வெள்ளி முயல் சின்னத்தைக் கோட்டில் குத்தியிருந்தார்.

வழியில் வெண்டலினின் வீடு. அவர் மனைவி ஒட்டிலி ஜன்னலில் நின்றாள்.

"எங்க ரெண்டு பேரும்?"

வெண்டலின் சொன்னார். ஒட்டிலி முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஓட்டே வேண்டாம்னு ஓட்டுப் போடறதுக்கு ஓட்டு பத்தலையா? வைல் அய்யா, பேசாம வீட்டுக்குத் திரும்புங்க. வழியில கால் சுளுக்கிடுச்சுன்னு நான் போய்ச் சொல்லிடறேன்."

"சுளுக்கலையேம்மா" என்றார் வைல்.

இரண்டு நேர்மையாளர்களும் மேலே நடந்தார்கள். ஒட்டிலி ஜன்னலைச் சாத்தும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

கூட்டம் தொடங்கியது. பொருள் ஒன்று: உறுப்பினர் வைலை நீக்குதல். சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடக் கூடாது என்று விதி ஒன்பது சொல்வதால் வைல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்தொன்பது கைகள் உயர்ந்தன.

டாக்டர் ஃபேபர் தொண்டையைச் செருமினார். "என் கை வருத்தத்தோடதான் உயர்ந்ததுன்னு குறிப்புல எழுதிக்கணும்."

"அப்ப என்னோடதும் வருத்தம்தான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"என்னோடதும்."

ஆகக் குறிப்பேட்டின்படி: ஆதரவு பத்தொன்பது, அதில் வருத்தத்துடன் பதினொன்று. எதிர்ப்பு இல்லை. உலக வரலாற்றில் இத்தனை வருத்தம் இத்தனை சுலபமாக நிறைவேறியதில்லை. வெண்டலினின் கை எந்தக் கணக்கில் என்று கேட்டால், வருத்தத்தில்தான். அவர் அதைத் தன் கையாலேயே எழுதினார்.

வைல் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே போய்விட்டார். பொருள் இரண்டு: ஓட்டெடுப்பை ஒழித்தல். வெண்டலின் வழக்கப்படி தலைகளை எண்ணினார்.

"வைல் அய்யா! ஒரு நிமிஷம் இருங்க!"

"இப்ப என்னய்யா?" என்று கத்தினார் கிம்மல்.

"அவரை நீக்கிட்டோம். மறுபடி பத்தொம்பதுதான் இருக்கோம். ரெண்டாவது பொருளுக்கும் இருபது வேணும்."

கிம்மல் மேசையில் குத்தினார். "இதுக்குத்தான்யா ஓட்டு வேண்டாம்ங்கறது! சரி, அந்த ஆளைச் சேர்த்துத் தொலைங்க. சீக்கிரம்!"

புது உறுப்பினரைச் சேர்க்க ஒருவர் முன்மொழிய வேண்டும். வெண்டலின் முன்மொழிந்தார். விண்ணப்பதாரருக்கு முயல் வளர்ப்பில் முன்அனுபவம் உண்டா என்று வழக்கமான கேள்வியை டாக்டர் ஃபேபர் கேட்டார். "கொஞ்சம் உண்டு" என்றார் வைல். ஏகமனதாகச் சேர்த்துக்கொண்டார்கள். பொருள் இரண்டு ஓட்டுக்கு வந்தது. ஆதரவு பத்தொன்பது. எதிர்ப்பு ஒன்று, புது உறுப்பினர். தீர்மானம் நிறைவேறியது. கிம்மல் தலைவரானார். கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் வைல் மெதுவாகச் சொன்னார்: "ஒரு சந்தேகம். இப்ப நான் உறுப்பினர். என்னை நீக்கணும்னா ஓட்டெடுக்கணும். ஓட்டெடுப்பை இப்பத்தான் ஒழிச்சோம்."

"அவர் சொல்றது சரிதானே" என்று ரொட்டிக்கடைக்காரர் முணுமுணுத்தார். வெண்டலினுக்கு நெஞ்சுக்குள் என்னமோ துள்ளியது. விதி ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டது! பியர் நுரை அடங்குகிற நேரம்வரை அந்தச் சந்தோஷம் நீடித்தது.

கிம்மல் எழுந்தார். "வைல், வெளியே போ."

அவ்வளவுதான். முக்கால் மணி நேரம், விதி ஒன்பது, விதி பதினேழு, பதினொரு வருத்தங்கள், எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை மூன்று சொற்கள் செய்தன. புதிய முறையின் சிக்கனத்தைக் கண்டு சபை மலைத்தது.

"எந்த விதிப்படின்னு எழுதறது?" என்று கேட்டார் வெண்டலின்.

"என் மூஞ்சியைப் பார்த்து எழுது."

'தலைவர் சொன்னார்' என்று எழுதினார் வெண்டலின். அது உண்மை. அதிலும் பொய் இல்லை.

அதற்குப் பிறகு சங்கம் அடைந்த முன்னேற்றத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கூட்டங்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. முயல்களின் காதுகள் ஆளுக்கு ஏற்றபடி நீண்டன. கிம்மலின் முயலுக்கு இருபத்தொன்று. நாங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்த 'பெல்ஜிய ராட்சசன்' என்ற முயல் இனம் ஒரே நாளில் 'ஜெர்மன் ராட்சசன்' ஆனது. முயல் அதற்காக ஒரு விரற்கடைகூட வளரவில்லை. ஆனால் தன் பெயரில் பெல்ஜியம் இல்லையே என்ற குறை நாட்டுக்கு அப்போதே வந்துவிட்டது போலும்.

பிறகு கிம்மல் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தார். சங்கத் தோட்டத்தில் முயல்களுக்கு இடம் போதவில்லை. (முயல்கள் பெருகத்தான் செய்யும்; அதற்கு ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது பழைய முறை.) முதலில் பக்கத்திலிருந்த வைலின் கீரைப் பாத்திக்குள் வேலி நகர்ந்தது. முறையிட வைலுக்குச் சங்கம் இல்லை. அடுத்த வசந்தத்தில் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் பக்கம் ஒரு மீட்டர் நகர்ந்தது.

தேனீச் சங்கத் தலைவர் நேரில் வந்தார். மிக நாகரிகமான மனிதர். "ஒரு மீட்டர்தானே, எதுக்குச் சண்டை? இதோட சரிதானே கிம்மல்?"

"இதோட சரி" என்றார் கிம்மல். காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். தேனீக்காரர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டு போனார். அதற்கடுத்த வசந்தத்தில் இன்னும் இரண்டு மீட்டர். அதற்கும் ஒரு காகிதம். 1939 கோடையில் வேலி தேன்கூடுகளை எட்டியபோது, தேனீக்கள் முன்னறிவிப்பின்றி எல்லை தாண்டி வந்து உறங்கிக்கொண்டிருந்த முயல் ஒன்றைக் கொட்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. எங்கள் பக்கம் திருப்பி அடித்தது தற்காப்புக்காகத்தான்.

"தேனீ கொட்டினதை யாரு பார்த்தா?" என்று ஒட்டிலி கேட்டாள்.

"தலைவர் சொன்னார்" என்றார் வெண்டலின்.

"அந்த முயல் என்ன சொல்லுச்சு?"

இதற்கு நடுவே, 1938 நவம்பரில் நாடெங்கும் யூதர் கடைகள் உடைந்த இரவில், வைலின் கடைக் கண்ணாடியும் உடைந்தது. தெரு முழுக்கப் பொத்தான்கள். யார் உடைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மறுவாரம் ஊரில் பல கோட்டுகளுக்குப் புதுப் பொத்தான் முளைத்திருந்தது. முத்துச்சிப்பிப் பொத்தான், விலை அதிகமானது.

வெண்டலினின் மகன் அர்னோ ராணுவத்துக்குப் போனான். முதல் கடிதம் பெல்ஜியத்திலிருந்து வந்தது. 'அப்பா, இங்கே ஒரு பண்ணையில் நம் ராட்சசன்களைப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர்கள் அவற்றை இன்னும் பெல்ஜிய ராட்சசன் என்றுதான் சொல்கிறார்கள். நான் திருத்தவில்லை. வைல் அய்யாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.' வெண்டலின் போய்ச் சொல்லவில்லை. போகக் கூடாது என்று உத்தரவு ஒன்றும் அவர் கைக்கு வரவில்லை. வந்துவிடுமோ என்று முன்கூட்டியே அதை மதித்தார். பிறகு அர்னோவை ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். கடிதங்களில் இடம் எழுத அனுமதி இல்லை. 'கிழக்கில்' என்று மட்டும் இருந்தது.

1942இல் யூதர்கள் வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு வந்து, வைலின் கூண்டுகள் காலியாயின. சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் ஒன்பது பேர் பெட்டிகளோடு ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களில் வைலும் ஒருவர். பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது பார்சல் குமாஸ்தாவின் வேலை.

"நல்லாயிருக்கீங்களா செயலாளரே?"

"இருக்கேங்க. அர்னோ ரஷ்யாவுல இருக்கான்."

"குளிருக்கு உடுப்பு அனுப்புங்க. பதிவேடு?"

"என் வீட்டுல பத்திரமா இருக்குங்க."

"யாரு எழுதறா?"

"கிம்மல்."

"ஐயோ. அவருக்கு ஆண் எது பெண் எதுன்னே தெரியாதே!" என்றார் வைல். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எந்தக் குறிப்பேட்டிலும் வெண்டலின் எழுதவில்லை.

சேருமிடம் எழுதாமல் சீட்டு ஒட்டக் கூடாது என்பது ரயில்வே விதி. "எந்த ஸ்டேஷன்?" என்று காவலரைக் கேட்டார்.

"கிழக்குன்னு எழுதுய்யா."

"அப்படி ஒரு ஸ்டேஷன் இல்லைங்களே."

"எழுதுய்யா!"

எழுதினார். வைல் எட்டிப் பார்த்து, "கையெழுத்து இன்னும் அழகாத்தான் இருக்கு" என்றார். வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

அடுத்த பிப்ரவரியில் அர்னோவின் சாவுச் சேதி வந்தது. அச்சடித்த தாள், பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மையால் நிரப்பியிருந்தார்கள். எந்த ஊர் என்று இல்லை. கிழக்கு. ஒட்டிலி தாளை இரண்டு முறை படித்தாள். கணவரிடம் நீட்டினாள்.

"முறைப்படி இருக்கான்னு பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். முத்திரை இருந்தது. கையொப்பம் இருந்தது. எல்லாம் முறைப்படி இருந்தது.

போர் முடிந்தது. 1946 வசந்தத்தில், எங்கள் பகுதியை ஆண்ட அமெரிக்கர்கள் சங்கங்களுக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள். ஓட்டெடுப்பைத் திரும்பக் கொண்டுவரும்படி உத்தரவு வந்தது. உத்தரவுப்படி ஓட்டெடுப்பு திரும்பியது. மிஞ்சியவர்கள் பன்னிரண்டு பேர். தலைவர் மறுபடி டாக்டர் ஃபேபர். துணைத்தலைவர் கிம்மல். கிம்மல் உள்ளுக்குள் எப்போதும் பழைய ஆட்சியின் எதிர்ப்பாளராகவே இருந்தார் என்று ஏழு பேர் அமெரிக்கர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஏழு பேரும் அப்படியே இருந்தார்கள் என்று கிம்மல் எழுதிக் கொடுத்திருந்தார்.

அனுமதிக்கு ஒரு வாக்குமூலம் வேண்டும். டாக்டர் ஃபேபர் படித்தார்: "1933இல் எங்கள் சங்கம் வெளியாரின் வன்முறைக்குப் பணிந்தது. உறுப்பினர் எவருக்கும் எதுவும் முன்கூட்டித் தெரியாது. எவரும் மனமுவந்து எதையும் செய்யவில்லை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏகமனதாத்தானே? எழுதிக்குங்க வெண்டலின்."

"ஓட்டுக்கு விடுங்க" என்றார் வெண்டலின்.

"எதுக்குய்யா ஓட்டு?" என்றார் கிம்மல்.

"இப்ப ஓட்டு உண்டு இல்லையா?"

பதினொரு கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு உண்டா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார் டாக்டர். வெண்டலின் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"என்ன எதிர்ப்பு?"

"எனக்குத் தெரியும். நான்தான் நடந்து போய் அவரைக் கூட்டிட்டு வந்தேன். வெளியார் யாரும் வரலை. நாமதான் இருந்தோம். எல்லாரும் நல்லவங்க."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். டாக்டர் ஃபேபர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எழுந்து முறைப்படி அறிவித்தார்: தீர்மானம் நிறைவேறியது, ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு ஒன்று. எங்கள் ஊரில் ஜனநாயகம் முழுமையாகத் திரும்பிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எங்களுக்கு எதுவும் தெரியாது என்பதைப் பெரும்பான்மை ஓட்டால் நிலைநாட்டிவிட்டோம்.

"அடுத்த பொருள்" என்றார் டாக்டர். "இனப்பெருக்கம். பெட்டைகளை எப்ப சேர்க்கறது?"

வெண்டலின் பேனாவை எடுத்தார். பெண் முயல் முப்பத்தொரு நாளில் குட்டி போடுகிறது. அது மட்டும் மாறவில்லை.